அமோர்பஸ் தூளில் ஒரு கோர்: தோலும் சூடும்

இன்வேர்ட்டருக்குள் இருக்கும் சோக் என்பது, கோர் எனப்படும் காந்த வளையத்தின் மேல் செப்புக் கம்பி சுற்றிய கொயில். எங்களிடம் சோக் சுற்றித் தரச் சொல்லி வருபவர்கள் அநேகமாக எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "கோர் என்ன மெட்டீரியல்?" சென்டஸ்ட் என்றோ, இரும்புத் தூள் என்றோ, அமோர்பஸ் என்றோ ஒரு பெயரைச் சொன்னால் போதும், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் மனம் ஆறாது. கோரை அழுத்திச் செய்த அந்தத் தூளின் ஒவ்வொரு மணிக்கும் மேலே என்ன தோல், அதாவது மின் கடத்தாத பூச்சு, இருக்கிறது? அழுத்திய பிறகு அது எவ்வளவு சூட்டைக் கண்டது? இந்த இரண்டும் தெரியாமல் அமோர்பஸ் என்ற பெயரை மட்டும் வைத்து ஒரு கோரை நல்லது என்று என்னால் சொல்ல முடியாது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில் அண்ணாவின் பட்டறை இருக்கிறது. சோலார் இன்வேர்ட்டர், யூபிஎஸ் எல்லாம் திருத்துவோம். நான் மொறட்டுவையில் மெட்டீரியல்ஸ் பொறியியல் படித்தவள். போர்ட் பார்ப்பது அண்ணா, கொயிலும் கோரும் என் பொறுப்பு. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்துக்குப் பிறகு கடன்பட்டாவது பற்றரியும் இன்வேர்ட்டரும் வாங்கிய குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அந்தப் பெட்டிகள் உத்தரவாதக் காலம் முடிந்து இப்போது ஒவ்வொன்றாக எங்கள் மேசைக்கு வருகின்றன. வெயில் படும் சுவரில் மாட்டியவை, கடல் உப்புக் காற்றில் நின்றவை, உள்ளே தூசி அடைந்தவை.

அதிகம் எரிந்து வருவது டிரான்சிஸ்டர்தான். ஆனால் சில பெட்டிகளில் டிரான்சிஸ்டரை மாற்றிக் கொடுத்தால் சில மாதத்தில் அதே இடம் திரும்ப எரிந்து வரும். அப்படி வந்தால் நான் சோக்கைக் கழற்றிப் பார்ப்பேன். பழைய கம்பியூட்டர் பவர் சப்ளையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வளையம் இருக்குமே, அது இரும்புத் தூள் கோர். மலிவான இன்வேர்ட்டர்களிலும் அதே சாதியை வைத்துவிடுகிறார்கள். அந்தக் கோரில் இரும்பு மணிகளைப் பிரித்து வைத்திருப்பது கரிமப் பசை. 100 பாகைக்கு மேல் மாதக் கணக்கில் கிடந்தால் பசை மெல்ல மெல்லக் கெடும். பசை கெட்டால் மணியும் மணியும் தொடும். தொட்டால் அவற்றுக்குள் சுழல் மின்னோட்டம் கூடும், கோர் இன்னும் சூடாகும், பசை இன்னும் வேகமாகக் கெடும். கடைசியில் கம்பியின் எனாமல் கருகி, குற்றம் டிரான்சிஸ்டர் தலையில் விழுகிறது. இரும்பில் ஒரு பிழையும் இல்லை. கெட்டது அதன் தோல்.

இன்வேர்ட்டர் சோக்கின் வேலை என்னவென்று ஒருதரம் சொல்லிவிடுகிறேன். சோலார் தகட்டிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஏற்றும்போது செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அது சக்தியை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு எப்போதும் ஒரு பெரிய நேர் மின்னோட்டம் அதனூடாக ஓடிக்கொண்டே இருக்கும். சக்தி உண்மையில் சேமிக்கப்படுவது காந்தப் பொருளுக்குள் இல்லை, இடைவெளியில். பெரைட் எனும் இரும்பு ஒட்சைட்டு மட்பாண்டக் கோராக இருந்தால் ஒரு இடத்தில் வெட்டி இடைவெளி விடுவார்கள். அந்த இடத்தில் காந்தப் புலம் வெளியே பிதுங்கிப் பக்கத்துக் கம்பியைச் சுடும். தூள் கோரில் அந்த ஒரே இடைவெளி கோடிக்கணக்கான நுண் இடைவெளிகளாக வளையம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. இதுதான் தூளை விரும்புவதற்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம் சுழல் மின்னோட்டம். மாறும் காந்தப் புலத்தில் நிற்கும் எந்த உலோகத்துக்குள்ளும் மின்னோட்டம் தானாகவே சுழலும். அதனால் வரும் இழப்பு துண்டின் அளவின் வர்க்கத்தோடு போகும், அதாவது மணியின் விட்டத்தைப் பாதியாக்கினால் அந்த இழப்பு காற்பங்காகும். ஆனால் மணிகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும் வரைக்கும்தான் இந்தக் கணக்கு. தொட்டுவிட்டால் பத்து மணி சேர்ந்து ஒரு பெரிய மணி. பிறகு நுணுக்கி அரைத்ததற்கு ஒரு பயனும் இல்லை.

தோல் தடிப்பாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. தோலும் ஒரு இடைவெளிதான். மணியின் விட்டத்தை இடைவெளியின் தடிப்பால் வகுத்தால், கோரின் மியூ, அதாவது அது காந்தப் புலத்தை எவ்வளவு எளிதாக ஏற்கிறது என்ற எண், ஏறக்குறைய வந்துவிடும். 60 மைக்ரோன் மணி, நடுவில் 1 மைக்ரோன் இடைவெளி என்றால் மியூ சுமார் 60. இடைவெளி 2 மைக்ரோன் ஆனால் 30. பாதி மியூ என்றால் அதே வேலைக்குச் செப்புக் கம்பியைக் கூடுதலாகச் சுற்ற வேண்டும், கம்பியில் சூடு கூடும். அதனால் தோல் மெல்லியதாகவும் இருக்க வேண்டும், எங்கேயும் கிழியாமலும் இருக்க வேண்டும்.

சரி, இதில் அமோர்பஸ் எங்கே வருகிறது?

சாதாரண உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாகப் பளிங்காக அடுக்கப்பட்டிருக்கும். உருகிய உலோகத்தை அணுக்கள் வரிசை பிடிக்க நேரமே கொடுக்காமல் ஆற்றினால், உருகியபோது இருந்த ஒழுங்கின்மையோடு அப்படியே உறைந்துவிடும். அதுதான் அமோர்பஸ் உலோகம். 1960இல் கலிபோர்னியாவின் கல்டெக்கில் போல் டுவே குழுவினர் தங்கமும் சிலிக்கனும் கலந்த உருகிய துளியைச் செக்கனுக்கு ஏறக்குறைய பத்து இலட்சம் பாகை வேகத்தில் ஆற்றி இதை முதன்முதலில் காட்டினார்கள். 1967இல் அதே டுவேயின் ஆய்வுகூடத்தில் இரும்பு, பொஸ்பரஸ், காபன் சேர்ந்த காந்தக் கலவை ஒன்றும் அப்படி உறைந்தது. வரிசை இல்லாத உலோகத்தில் காந்தப் பிரதேசங்களின் (ஒரே திசையில் காந்தப்பட்ட சின்னப் பகுதிகளின்) எல்லைகள் மாட்டிக்கொள்ளப் பளிங்கு எல்லைகள் இல்லை, ஒரு திசைக்குத் தனிச் சலுகையும் இல்லை. அதனால் காந்தத்தைத் திருப்பத் தேவைப்படும் சக்தி மிகக் குறைவு. மின்தடையும் சிலிக்கன் உருக்கை விட இரண்டு மூன்று மடங்கு கூட, ஆகவே சுழல் மின்னோட்டமும் குறையும்.

இன்று அதிகம் புழங்கும் கலவையில் அணுக் கணக்கில் 78 பங்கு இரும்பு, 9 பங்கு சிலிக்கன், 13 பங்கு போரன். எடையில் பார்த்தால் 92 வீதம் இரும்புதான், போரன் 3 வீதம் அளவு. கோபால்ட், நிக்கல் போன்ற விலைகூடிய உலோகம் ஒன்றும் கிடையாது. இவ்வளவு மலிவான சாமான்களிலிருந்து, ஆற்றும் வேகம் ஒன்றை மட்டும் மாற்றி, இவ்வளவு மென்மையான காந்தம் கிடைக்கிறது. படித்த காலத்தில் என்னை இந்தப் பக்கம் இழுத்தது அந்த ஒரு விஷயம்தான். காந்தச் செறிவில் 1.56 டெஸ்லா வரை தாங்கும். பெரைட் சூடாக இருக்கும்போது 0.4 டெஸ்லா தாண்டாது.

இந்தக் கலவை நாடாவாகத்தான் பிறக்கிறது. உருகிய உலோகத்தை வேகமாகச் சுற்றும் செப்புச் சில்லின் மேல் பாய்ச்சினால் 25 மைக்ரோன் அளவு தடிப்பில் நாடா ஓடி வரும். அதைச் சுற்றித்தான் அமோர்பஸ் ட்ரான்ஸ்போமர் செய்கிறார்கள். நாடாவை அரைத்தால் தூள். கேட்க இலேசாக இருக்கும்.

இதை நானே ஒருதரம் தொடக்கத்திலிருந்து செய்து பார்க்க ஆசைப்பட்டேன். பழைய இரும்புக் கடை ஒன்றில் உடைந்த அமோர்பஸ் கோரின் துண்டுகள் கிடைத்தன. புதிய நாடா வளையும், கத்தரியைக் கூட மழுங்கடிக்கும். ஆனால் ட்ரான்ஸ்போமரில் போட முன்பு கோரை ஒருதரம் சூடாக்கி ஆற்றியிருப்பார்கள். அந்தச் சூடு பட்ட நாடா கையால் நொறுக்கினாலே பொடியாகும். தொழிற்சாலையிலும் இதே வழிதான், அரைக்க முன்பு 300 பாகைக்கு மேல் சூடாக்கி நொறுங்க வைக்கிறார்கள். எங்கள் பட்டறையில் வேலை பழகும் தம்பி கொட்டாஞ்சேனைக்காரன். முகமூடி போட்டு, கையுறை போட்டு, உரலில் இடித்தான். "அக்கா, இது கண்ணாடி மாதிரியே குத்துது" என்றான். சரியாகத்தான் சொன்னான். நாடாத் தூள் உருண்டையாக வராது, கூரான விளிம்புள்ள தட்டையான சில்லுகளாக வரும். அந்த விளிம்புதான் பிறகு அழுத்தும்போது பக்கத்து மணியின் தோலைக் கிழிக்கும். ஆகவே இடித்ததை உருக்குக் குண்டுகளோடு ஒரு போத்தலில் போட்டு, பழைய வொஷிங் மெஷின் மோட்டரில் இரவு முழுக்க உருட்டினோம். விளிம்பு மழுங்கியது. பிறகு சலித்து, மிக நுண்ணிய மாவை ஒதுக்கி, நடுத்தர அளவை எடுத்தேன். அந்த நுண்ணிய மாவை யாரும் திறந்து வைத்துப் பக்கத்தில் தீப்பெட்டி உரசிவிடாதீர்கள். நுணுக்கிய இரும்பு எரியும்.

தோலுக்கு வோட்டர் கிளாஸ், அதாவது சோடியம் சிலிக்கேட் கரைசல். எபொக்சி இலகுதான், ஆனால் 400 பாகையில் கருகிவிடும். எனக்குத் தேவை சூட்டைத் தாங்கும் தோல். பொஸ்போரிக் அமிலத்தால் பொஸ்பேட் தோல் போடுவதும் உண்டு, சிலிக்காத் தோலை வளர்ப்பதும் உண்டு, குறைந்த சூட்டில் உருகும் கண்ணாடித் தூளைக் கலப்பதும் உண்டு. கடைச் சாமானில் செய்யக்கூடியது வோட்டர் கிளாஸ் என்பதால் அதை எடுத்தேன். தண்ணீர் விட்டுப் பதமாக்கி, தூளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அடுப்புச் சூட்டில் கிளறிக்கொண்டே காயவைத்தேன். அம்மா பிட்டுக்கு மா குழைக்கும்போது கட்டிபடாமல் மணி மணியாக நிற்க வேண்டும் என்று தெளித்துத் தெளித்துக் கைபோடுவாரே, அதே கைப்பதம்தான். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி, குறைந்தால் வெறும் மணி.

அழுத்துவதுதான் இந்த வேலையின் பெரிய தடை. இரும்பு மென்மையானது, அழுத்தினால் மணி நசிந்து ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். சதுர சென்ரிமீற்றருக்கு 7, 8 தொன் போதும், முழு இரும்பின் அடர்த்தியில் 94 வீதம் வரை கிடைத்துவிடும். அமோர்பஸ் மணி நசியாது. கடினத்தில் அது வெட்டுக் கருவி உருக்குக்குப் பக்கத்தில் நிற்கும். ஆகவே 15 முதல் 20 தொன் வரை கொடுக்கிறார்கள். 27 மில்லிமீற்றர் வளையம் ஒன்றின் முகம் 4 சதுர சென்ரிமீற்றர். அதற்கு 20 தொன் வீதம் என்றால் 80 தொன் அழுத்தி வேண்டும். அது எனக்கு எங்கே கிடைக்கும்? அதனால் 12.7 மில்லிமீற்றர் சின்ன வளையத்துக்கு இறங்கினேன். உள்விட்டம் 7.62. முகம் 0.8 சதுர சென்ரிமீற்றர் அளவு. 15 தொன் கொடுத்தால் போதுமான அழுத்தம் வந்துவிடும்.

அச்சை இரத்மலானையில் ஒரு லேத் கடையில் கருவி உருக்கில் வெட்டி, கடினமாக்கி எடுத்தேன். அழுத்தி பஞ்சிகாவத்தையில். கராஜில் பெயரிங் கழற்ற 20 தொன் ஹைட்ரோலிக் அழுத்தி வைத்திருக்கும் ஒரு நானா எனக்குப் பழக்கம். அச்சைப் பார்த்ததும் முதலில் அவர் கேட்டது, "தங்கச்சி, இது வெடிச்சா யார் பொறுப்பு?" என்றுதான். பிறகு அவராகவே ஒரு தடித்த இரும்புக் குழாயை வெட்டி அச்சைச் சுற்றி நிறுத்தி, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் பிடியை இறக்கினார். அந்தக் கவனத்தை நான் மறக்க மாட்டேன். இவ்வளவு அழுத்தத்தில் கடின உருக்கு விரிசல் கண்டால் துண்டு துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பறக்கும். வீட்டில் யாராவது இதைச் செய்ய நினைத்தால் அந்தக் குழாய் இல்லாமல் செய்யவே கூடாது.

வெளியே வந்தது 2 கிராம் அளவுள்ள ஒரு சாம்பல் வளையம். நிறுத்து அளந்து கணக்குப் பார்த்தால் அடர்த்தி முழு உலோகத்தில் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டியது. மீதி தோலும் வெற்றிடமும். 20 சுற்றுக் கம்பி சுற்றி, கொயிலின் தூண்டுதிறனை ஹென்றிக் கணக்கில் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் போட்டேன். 4 மைக்ரோ ஹென்றி. மியூ கணக்கில் 20ஐக் கொஞ்சம் தாண்டும்.

மியூ இவ்வளவு குறைவாக வந்ததற்குக் காரணம் தகைப்பு, அதாவது அழுத்திய விசை பொருளுக்குள் தங்கிவிடுவது. நசியாத மணியை 15 தொன்னில் அழுத்தினால் அந்த விசை எங்கே போகும்? மணிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். இந்த இரும்பு, சிலிக்கன், போரன் கலவை காந்தப்படும்போது நீளும் குணம் கூடியது, பத்து இலட்சத்தில் 27 பங்கு. நீளும் குணம் உள்ள பொருளில் பூட்டிய தகைப்பு இருந்தால் காந்தம் அந்தத் தகைப்பின் திசையில் மாட்டிக்கொள்ளும், திரும்ப மறுக்கும். இவ்வளவு பாடுபட்டு ஆற்றிப் பெற்ற மென்மை அழுத்திய கையோடு போய்விடுகிறது. திரும்பப் பெறுவதற்கு ஒரே வழி சூடு. அந்தச் சூட்டுக்கும் மேலே ஒரு மதில் இருக்கிறது: 500 பாகையைத் தாண்டியதும் அணுக்கள் வரிசை பிடிக்கத் தொடங்கும். அதன் பிறகு அது அமோர்பஸ் இல்லை. 400க்கும் 450க்கும் நடுவே உள்ள சின்ன இடுக்கில் வேலையை முடிக்க வேண்டும். அதுவரை தோலும் தாங்க வேண்டும்.

பம்பலப்பிட்டியில் செயற்கைப் பல் செய்யும் ஆய்வுகூடம் வைத்திருக்கும் தோழியிடம் ஒரு சின்ன மின்சூளை இருக்கிறது. துருப்பிடிக்காத உருக்குக் குழாய்க்குள் வளையங்களை வைத்து, ஆர்கன் வெல்டிங் செய்பவரிடம் வாங்கிய வாயுவை ஓடவிட்டு, 420 பாகையில் அரை மணித்தியாலம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தோல் போடாத வெறும் தூளிலும் ஒரு வளையம் அழுத்தி அதே சூட்டில் வைத்தேன். இன்னொன்று தோல் உள்ளது, ஆனால் தெரிந்தே 540 பாகைக்கு ஏற்றினேன்.

தோல் போட்டு 420 கண்ட வளையம் 4 மைக்ரோ ஹென்றியிலிருந்து 7க்கு ஏறியது. 1 கிலோஹேர்ட்ஸிலும் 7, 100 கிலோஹேர்ட்ஸிலும் 7. மல்டிமீட்டரின் முனைகளை இரண்டு முகங்களிலும் வைத்தால் முள் அசையவே இல்லை. தோல் இல்லாத வளையம் 1 கிலோஹேர்ட்ஸில் 8க்கு மேல் காட்டியது. அதை மட்டும் பார்த்தவர் அதுதான் நல்ல கோர் என்று சொல்லிவிடுவார். 100 கிலோஹேர்ட்ஸில் 5க்கு விழுந்தது. மல்டிமீட்டரில் சில ஓம்தான், அதாவது மணிகள் தொட்டு அவற்றினூடாக மின் ஓடுகிறது. 540 கண்ட வளையம் 3 மைக்ரோ ஹென்றி கூட முழுதாக இல்லை. மூன்றையும் ஒரே சின்ன ட்ரைவர் போர்டில் 100 கிலோஹேர்ட்ஸில் ஓடவிட்டோம். முதலாவதைக் கையில் பிடிக்கலாம், மற்ற இரண்டிலும் விரல் வைக்க முடியவில்லை.

மூன்றும் ஒரே உரலில் இடித்த ஒரே தூள். விற்பவர் மூன்றுக்கும் அமோர்பஸ் என்று ஒரே ஸ்டிக்கரை ஒட்டலாம், தொடங்கிய தூளை வைத்துப் பார்த்தால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

நாடாவை அரைப்பது ஒரு வழி. இன்னொரு வழி உருகிய உலோகத்தை நேராகவே தூளாகத் தெளிப்பது. வாயுவால் அடித்துச் சிதறடித்தால் அழகான உருண்டைகள் கிடைக்கும், ஆனால் வாயு மெதுவாகத்தான் ஆற்றும். பெரிய துளியின் நடுப்பகுதி பளிங்காகிவிடும், சலித்து நுண்ணியதை மட்டும் எடுக்க வேண்டும். தண்ணீர் வேகமாக ஆற்றும். ஜப்பானின் ஹச்சினோஹே நகரத்தில் எப்சன் அட்மிக்ஸ் வேகமாகச் சுழலும் தண்ணீர்ப் படலத்துக்குள் துளிகளை விழுத்தி அமோர்பஸ் தூள் செய்கிறார்கள். அந்தத் தூளில் சிலிக்கன், போரனோடு குரோமியமும் காபனும் சேர்கின்றன. குரோமியம் சேர்ப்பது துருவுக்கு எதிராக என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு உடனே விளங்கும். எங்கள் பட்டறையில் மூடாமல் வைத்த நாடாத் தூளில் ஒரு கிழமைக்குள் செம்மை படர்ந்துவிட்டது. உருண்டைத் தூளில் விளிம்பு இல்லை, ஆகவே தோல் கிழியாது. ஆனால் உருண்டைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்காது, வளையம் அச்சிலிருந்து வரும்போதே உதிரப் பார்க்கும். அதனால் பசை கூடுதலாக வேண்டும், அல்லது மென்மையான நுண்ணிய காபொனைல் இரும்புத் தூளைக் கலந்து இடுக்குகளை நிரப்ப வேண்டும்.

உங்கள் மடிக்கணினியின் போர்டில் R22 அல்லது 1R0 என்று எழுதிய சின்னச் சாம்பல் கட்டிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் பல இந்த உருண்டைத் தூள் வகைதான். கம்பிச் சுருளை நடுவில் வைத்து, சுற்றிவர ரெசின் கலந்த தூளைக் கொட்டி, ஒரே கட்டியாக அழுத்திவிடுகிறார்கள். உள்ளே எனாமல் கம்பி இருப்பதால் 400 பாகை என்ற பேச்சுக்கே இடமில்லை, ரெசின் இறுகும் சூட்டோடு சரி. ஆகவே தூள் பிறக்கும்போதே தகைப்புக் குறைவாக இருக்க வேண்டும், அழுத்தமும் குறைவாக வேண்டும். ஒரே உலோகம், ஆனால் சூட்டுக் கதை முழுக்க வேறு.

அமோர்பஸ் எல்லா இடத்துக்கும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. 1930களில் ஜப்பானின் செண்டாயில் பிறந்த சென்டஸ்ட், இரும்பும் சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்தது, இன்னும் அருமையான பொருள். தாங்கும் அளவு 1 டெஸ்லாதான், ஆனால் காந்தப்படும்போது நீளும் குணம் ஏறக்குறையப் பூச்சியம். படுக்கை அறைச் சுவரின் மறுபக்கம் மாட்டிய இன்வேர்ட்டரில் வெளியேறும் பக்கத்துச் சோக் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தைச் சுமக்கும். அங்கே நீளும் குணமுள்ள கோரைப் போட்டால் இரவில் இரைச்சல் கேட்கும். வயதானவர்கள் இருக்கும் வீடு என்று தெரிந்தால் நான் கேட்காமலே சென்டஸ்ட் போட்டுவிடுவேன். சோலார் தகட்டுப் பக்கத்துச் சோக்கில் நேர் மின்னோட்டம் பெரிது, இடம் சின்னது. அங்கே அமோர்பஸ் தன் பெறுமதியைக் காட்டும்.

புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போய்க் கோர் வாங்குபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு எல்சிஆர் மீட்டரும் இரண்டு முழக் கம்பியும் கொண்டுபோங்கள். 26.9 மில்லிமீற்றர் வெளிவிட்டம், 14.7 உள்விட்டம், 11.2 உயரம் உள்ள வளையம் பொதுவான அளவு. அதில் 20 சுற்றுச் சுற்றினால் 30 மைக்ரோ ஹென்றி அளவு வர வேண்டும், அப்படியானால் மியூ 60. 1 கிலோஹேர்ட்ஸிலும் 100 கிலோஹேர்ட்ஸிலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் ஓரத்தில் வெளிப்பூச்சை இரண்டு இடத்தில் சுரண்டி மல்டிமீட்டர் வையுங்கள். ஓம் கணக்கில் காட்டினால் அந்தக் கோர் வேண்டாம், பெயர் என்னவாக இருந்தாலும். சூட்டுக் கதை மீட்டரில் நேராகத் தெரியாது. அதற்கு வீட்டில் ஓடவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து வெப்பமானியைக் காட்ட வேண்டும். தெரிந்த நல்ல கோர் ஒன்றைப் பக்கத்தில் அதே சுற்றில் ஓடவிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

நான் செய்த வளையத்தை எந்த வாடிக்கையாளரின் பெட்டியிலும் போடவில்லை, போடவும் மாட்டேன். ஒருவர் வீட்டுச் சுவரில் பத்து வருடம் நிற்க வேண்டிய சாமானுக்குத் தரவுத்தாள் உள்ள கோர்தான் வேண்டும். ஆனால் அந்தத் தரவுத்தாளில் எந்தப் பக்கத்தை முதலில் திறக்க வேண்டும் என்பதை அந்த 2 கிராம் வளையம் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. இப்போது நான் கலவையின் பெயரைத் தாண்டிப் போய், தொடர்ந்து எத்தனை பாகையில் வேலை செய்யலாம் என்ற வரியையும், பசை கரிமமா கனிமமா என்ற வரியையும் தேடுகிறேன். பல தரவுத்தாள்களில் இரண்டாவது வரி இருப்பதே இல்லை. அப்போது விற்பவருக்குக் கடிதம் எழுதிக் கேட்பேன். பதில் அனுப்புபவரிடம்தான் வாங்குவேன்.

அடுத்து பத்தில் ஒரு பங்கு காபொனைல் இரும்பு கலந்து, அதே அச்சில், அதே 15 தொன்னில் அழுத்திப் பார்க்கப் போகிறேன். இடுக்குகள் நிரம்பி மியூ எவ்வளவு ஏறுகிறது, மென்மையான இரும்பு நசியும்போது அதன் தோல் கிழிந்து 100 கிலோஹேர்ட்ஸில் எவ்வளவு இழக்கிறது என்று பார்க்க வேண்டும். பஞ்சிகாவத்தை நானா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். யாராவது இங்கே பொஸ்பேட் தோல் போட்டுப் பழகியவர்கள் இருந்தால், அமிலத்தை எந்த அளவில் கரைத்தீர்கள், எதில் கழுவினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். வோட்டர் கிளாஸ் தோல் ஈரத்தை இழுக்கிறது, கொழும்புக் காற்றில் அதை நான் முழுதாக நம்பவில்லை.